இடுப்பு உடைஞ்சா ரோபோ ஆபரேஷன் அவசியமா?

வணக்கம்ங்க. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சவங்களை எழுப்பி நடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். "அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, ரோபோ இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாமா?" இந்தக் கேள்வி இப்ப அடிக்கடி வருது. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

1992-ல அமெரிக்கால சாக்ரமெண்டோ நகரத்துல வந்த ரோபோடாக்ங்கிற ஆபரேஷன் ரோபோ, தொடையெலும்புக்குள்ள தானாவே குடைஞ்சுது. இப்ப பேசப்படுற மேக்கோங்கிற ரோபோ அப்படி இல்ல. இடுப்பு மூட்டுல, தொடையெலும்போட மேல்முனைப் பந்து, இடுப்பெலும்புல இருக்கிற கிண்ணத்துக்குள்ள சுழலும். முழு மூட்டு மாத்துறதுன்னா ரெண்டையும் மாத்துறது. முன்னாடியே சி.டி. ஸ்கேன் எடுத்து, எந்த சைஸ் கிண்ணம், எந்தக் கோணத்துல உக்காரணும்னு டாக்டர் திட்டம் போட்டுடுவார். தியேட்டர்ல இடுப்பெலும்புல பின் போட்டு ஒரு அடையாளக் கருவி மாட்டுவாங்க, கேமரா அதைப் பாத்துக்கிட்டே இருக்கும். குடையுறது டாக்டர் கைதான். திட்டத்தைத் தாண்டிப் போனா மெஷின் தடுத்துரும்.

கோணம் ஏன் முக்கியம்? கிண்ணம் தப்பா உக்காந்தா, குனியும்போதோ தாழ்வா உக்காரும்போதோ பந்து நழுவி வெளிய வந்துரும். சாய்வு 40 டிகிரி, முன்பக்கத் திருப்பம் 15 டிகிரி, ரெண்டுலயும் 10 கூடக் குறைய இருக்கலாம்னு 1978-லயே லூவினெக்ங்கிற டாக்டரோட குழு சொல்லிட்டாங்க. அந்த அளவுக்குள்ள இருந்தும் நழுவினவங்க உண்டு. ஆனா மூட்டு தேஞ்சு மாத்துறவங்களைவிட, எலும்பு முறிஞ்சு முழு மூட்டு மாத்துறவங்களுக்கு நழுவுற அபாயம் அதிகம். அதனால 60, 65 வயசுல நல்லா நடமாடிட்டு இருந்தவருக்கு முழு மூட்டு மாத்தினா, ரோபோவோட துல்லியத்துக்கு மதிப்பு இருக்கு. அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

இப்ப 82 வயசுப் பாட்டிக்கு வாங்க. தொடையெலும்புக் கழுத்து, அதாவது பந்துக்குக் கீழ இருக்கிற ஒடுங்கின பகுதி, உடைஞ்சா, அவங்களுக்குப் பெரும்பாலும் பந்தை மட்டும் மாத்துவாங்க. சொந்தக் கிண்ணம் அப்படியே இருக்கும். ரோபோவோட முக்கியமான வேலையே கிண்ணத்துலதானே! அதே எலும்பு இன்னும் கொஞ்சம் கீழ உடைஞ்சிருந்தா, பெரும்பாலும் மூட்டையே மாத்த மாட்டாங்க, ராடு வெச்சுப் பொருத்துவாங்க. "பந்து மட்டும்னா அரைகுறை வைத்தியமாச்சே"ன்னு பயப்படாதீங்க. விழுறதுக்கு முன்னாடி நடந்துட்டு இருந்த சுமார் 1,500 பேரை வெச்சு நடந்த, 'ஹெல்த்'னு பேர் வெச்ச ஆய்வு 2019-ல வந்துச்சு. ரெண்டு வருஷத்துல மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதுல, முழு மூட்டு மாத்தினவங்களுக்கும் பந்து மட்டும் மாத்தினவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது தாமதம். பிரிட்டன்ல சிகிச்சை முறைகளை வகுக்கிற நைஸ் அமைப்போட வழிகாட்டி, அட்மிட் ஆன அன்னிக்கோ மறுநாளோ ஆபரேஷன் முடியணும்னு சொல்லுது. ரோபோ தேடி ஊர் மாத்தி மூணு நாலு நாள் படுக்க வெச்சா, நெஞ்சுச் சளி, படுக்கைப் புண், கால்ல ரத்தக்கட்டி எல்லாம் வரிசையா வரும். அப்புறம் நான் எழுப்பினாலும் அவங்களால எந்திரிக்க முடியாது. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க.

டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க: எந்த இடத்துல உடைஞ்சிருக்கு, முழு மூட்டா பந்து மட்டுமா, ஆபரேஷன் எப்போ, மறுநாளே வாக்கர் பிடிச்சு நிக்க வைப்பீங்களா? டிஸ்சார்ஜ் ஆகும்போது, எலும்பு வலுவுக்கு மருந்து எழுதியிருக்காங்களான்னு சீட்டைப் பாருங்க. இல்லன்னா வாய் விட்டுக் கேளுங்க. ஒரு பக்கம் உடைஞ்சவங்களுக்கு இன்னொரு பக்கமும் உடையுற அபாயம் இருக்கு.