ஸ்பீட் பேக்: வேகத்துக்கு முதல் தோள்

வணக்கம் உறவுகளே! மலையகத்து ஹட்டனிலிருந்து பேசுகிறேன். பாக்சிங் பழகும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் அதிகம் கேட்பது ஸ்பீட் பேக் பற்றித்தான். முகத்துக்கு நேரே, ஒரு பலகைக்குக் கீழே தொங்கும் காற்றடைத்த சின்னப் பைதான் அது. "அண்ணே, அதை அடித்தால் கை வேகம் கூடுமா?" கொஞ்சம் கூடும். ஆனால் நான் அதைப் பழகச் சொல்வது தோளுக்காக.

ஒரு ரவுண்ட் 3 நிமிடம். முதல் ரவுண்டில் எல்லோருடைய கையும் தாடைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மூன்றாவது ரவுண்டில் பாருங்கள், தோள் கனத்துப்போய் கை நெஞ்சுவரை இறங்கிவிடும். அந்த இடைவெளியில்தான் எதிராளியின் குத்து வந்து விழும். ஸ்பீட் பேக்குக்கு முன்னால் நின்றால் கையை இறக்க வழியே இல்லை. இறக்கினால் பை நின்றுவிடும். முழங்கையைத் தூக்கியபடியே 3 நிமிடம் அடித்துப் பாருங்கள், தோள் எரியும். அந்த எரிச்சலைத் தாங்கப் பழகியவருக்குக் கடைசி ரவுண்டிலும் கை மேலேயே நிற்கும்.

சரி, எப்படி அடிப்பது? கண்ணைவிடக் காதை நம்புங்கள். ஒரு அடி அடித்ததும் பை அந்தப் பக்கம் போய்ப் பலகையில் மோதும், திரும்பி உங்கள் பக்கம் மோதும், மறுபடி அந்தப் பக்கம் மோதும். மூன்று சத்தம். அதன்பிறகு அது உங்களை நோக்கி வரும்போதுதான் அடுத்த அடி. காமன் கூத்தில் தப்படிப்பவர் கையைப் பார்த்தா அடிக்கிறார்? தாளம் உள்ளே ஓடுகிறது, கை அதன் பின்னால் போகிறது. இதுவும் அப்படித்தான். அவசரப்பட்டு இரண்டாவது சத்தத்திலேயே கையை விட்டால் பை கோணலாகப் பறக்கும்.

நேராக நீட்டிக் குத்தாதீர்கள். முஷ்டியின் சுண்டுவிரல் பக்கம் பட, சின்ன வட்டமாகச் சுற்றி அடியுங்கள். ஒரு கையால் இரண்டு, மற்றக் கையால் இரண்டு. பையின் தடித்த பகுதி உங்கள் வாய்க்கு நேரே இருக்கட்டும். கைக்குத் துணிப்பட்டி சுற்றாமல் அடித்தால் தோல் உரிந்துவிடும், அதை மறக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய பை வாங்குங்கள், அது மெதுவாகத் திரும்பும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதனால் குத்தின் பலம் கூடாது. பலத்துக்கு ஹெவி பேக் என்கிற கனமான பெரிய பை, கால் நகர்வுக்கு ஷேடோ பாக்சிங், அதாவது எதிராளி இல்லாமல் வெறுங்காற்றில் குத்திப் பழகுவது. அவை முடிந்து தோள் களைத்திருக்கும்போது கடைசியாக ஸ்பீட் பேக் அடிப்பதுதான் எனக்குப் பிடித்த முறை.

நம் பக்கத்துக் குளிருக்கு இரண்டு விஷயம். காலையில் ஸ்கிப்பிங் போட்டு, தோளைச் சுழற்றி, உடம்பு சூடான பிறகு தொடங்குங்கள். குளிரில் பைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமும் குறையும். பை தளர்ந்து சோம்பலாகத் திரும்பினால் உங்கள் கை மேல் பழி போடாதீர்கள், பம்பை எடுத்துக் காற்றைப் பாருங்கள்.

அப்புறம், மாட்டும் இடம். கண்டியில் திரித்துவக் கல்லூரி, கிங்ஸ்வுட் மாதிரிப் பாடசாலைகளில் பாக்சிங் பல காலமாக இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வசதி எங்கே? லயம் என்கிற வரிசை வீட்டுச் சுவரில் பலகை அடித்தால் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருப்பவர் தூங்க முடியாது. கொழுந்தெடுத்துக் களைத்து வந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்துப் பயிற்சி எடுக்க வேண்டாம். பலகை ஆடினாலும் தாளம் கெட்டுவிடும், அதனால் மெல்லிய சுவர் எப்படியும் சரிவராது. தோட்டத்தில் பொது மண்டபம் இருந்தால் தலைவர்மாரிடம் கேட்டு, அங்கே கனமான தூணில் இறுக்கிப் பூட்டுங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு சின்னப் பந்தை வலைத்துணியில் போட்டு, மேலேயும் கீழேயும் இலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டுங்கள். டபுள் எண்ட் பேக் என்பது இதுதான். பலகை வேண்டாம், அந்தச் சத்தமும் இருக்காது. இதை நேராகவே குத்தலாம். எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று தெரியாததால் குறியும் தலையசைவும் சேர்ந்து பழகும். குத்திய கையை மட்டும் உடனே தாடைக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.