களத்துக்குப் போகும் கல்விக்குப் பணம் ஒதுக்குங்கள்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிகளில் அறமும் தலைமைப் பண்பும் சமூகப் பணியும் கற்பிக்க அரசு தனியாக நிதி ஒதுக்குவது அவசியமா, அநாவசியமா என்பது இன்றைய வழக்கு. அவசியம் என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். ஒழுக்கம் வீட்டில் வர வேண்டியது என்றார். அந்தப் பணத்தை ஆய்வகத்துக்கும் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கும் கொடுங்கள் என்றார். இப்போது நடப்பதே சான்றிதழுக்கான சடங்குதானே என்று கேட்டு முடித்தார்.

அவருடைய கடைசி வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு மரக்கன்றை நட்டு, பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, மதியத்துக்குள் கலைந்துபோகும் முகாம்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்காமல் தீர்ப்புக்குத் தாவிவிட்டார் என்பதுதான் என் குறை. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது நடுவர் அவர்களே.

இந்த முகாம்களை நடத்தும் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் தங்க வேண்டும். நல்ல விதி. இதற்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு? நெடுங்காலத்துக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 250 ரூபாய், ஏழு நாள் முகாமுக்கு 450 ரூபாய். 120 மணி நேரத்துக்கு 250 ரூபாய் என்றால் மணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம். முகாமில் நாளொன்றுக்கு 64 ரூபாய். அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் கட்டணம், மண்வெட்டி, கடப்பாரை, முதலுதவிப் பெட்டி! பிற்பாடு தொகையைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் அது ஓர் இளைஞனுக்கு ஒரு நாள் வயிறாரச் சோறு போட்டு வேலை வாங்கும் தொகையாக இல்லை.

ஒரு பிரிவில் நூறு மாணவர்கள் வரை இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் திட்ட அலுவலர் தன் வகுப்புகளையும் எடுத்து, விடைத்தாளும் திருத்தி, மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறார். பணமும் கொடுக்காமல் நேரமும் கொடுக்காமல் ஒரு வேலையை ஒப்படைத்தால் அது படம் எடுப்பதில்தான் முடியும். எதிரணி சொல்லும் சடங்கு, பணம் கொடுத்ததால் வந்ததன்று. கொடுக்காமல் விட்டதால் வந்தது. 2020-இல் பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கென்று இரண்டு கிரெடிட் பாடத்தையே வகுத்துக் கொடுத்தது. முப்பது மணி நேரம், அதில் பாதி களத்தில். பாடத்திட்டம் கல்லூரிக்கு வந்துசேர்ந்துவிட்டது. களத்துக்கு மாணவர்களை அழைத்துப்போகும் பஸ்ஸுக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி ஒவ்வொரு கல்லூரி முதல்வரின் மேசையிலும் கிடக்கிறது.

சரியாக நடந்தால் என்ன கிடைக்கும்? நான் திட்ட அலுவலராக இருந்தபோது நடந்த ஒரு முகாமைச் சொல்கிறேன். ஊராட்சித் தலைவர் எங்களைக் கோயில் குளத்தைத் தூர்வாரச் சொன்னார். முதல் நாள் வேலை நன்றாகவே போயிற்று. மாலையில் மாணவி ஒருத்தி காலனித் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குடிநீர்க் குழாயடியில் சாக்கடை தேங்கி நிற்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் பிடித்துக் குடிக்கிறார்கள் என்றாள். பள்ளிக்கூடத் திண்ணையில் அன்று இரவு பெரிய வாக்குவாதம். நாம் விருந்தாளிகள், கூப்பிட்டவர் காட்டிய இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்றான் ஒருவன். குளம் காத்திருக்கும், குழந்தைகளின் வயிறு காத்திருக்குமா என்று கேட்டாள் இன்னொருத்தி. நாளைக்கு ஊரில் சோறு போட மாட்டார்களே என்று பயந்தவர்களும் இருந்தார்கள். அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "எங்கள் ஊரிலும் எங்கள் தெரு இப்படித்தான் இருக்கிறது. நான் காலையில் அங்கே போகிறேன், வருகிறவர்கள் வரலாம்" என்றான்.

காலையில் பாதிப் பேருக்கு மேல் அவனோடு போனார்கள். ஊராட்சித் தலைவருக்குக் கோபம். அவரிடம் பேசப் போனது பத்தொன்பது வயதுப் பெண். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் குளத்து வேலையை யார் எப்போது முடிப்பார்கள் என்று எழுதியே எடுத்துப்போயிருந்தாள். அவர் முழு மனதோடு சம்மதித்ததாகச் சொல்ல மாட்டேன். அள்ளிய சகதியைக் கொண்டுபோக டிராக்டரை அனுப்பினார், அவ்வளவுதான். அந்த இரவில் அறப் பாடம் நடந்தது, அந்தக் காலையில் தலைமைப் பாடம் நடந்தது என்கிறேன். அந்த வாக்குவாதம் கைகலப்பாகிவிடாமலும், சீக்கிரம் முடிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் அங்கே விழித்திருக்க வேண்டியிருந்தது. நான் கேட்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த ஆசிரியரின் நேரத்துக்குத்தான்.

இது என் ஒருவனுடைய அனுபவமாக நின்றுவிடவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களையே கிராமத்தில் தங்க வைத்து, வீடு வீடாகப் போய் அங்குள்ளவர்களின் வாழ்க்கையைக் கணக்கெடுக்க வைக்கிறார்கள். நோயாளியை மருத்துவமனைக் கட்டிலில் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய அடுப்படியையும் கிணற்றடியையும் பார்த்துவிடுகிறார்கள். காந்திகிராமத்தில் 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனத்தில் கிராமத்தில் தங்கிப் பயில்வது படிப்பின் ஒரு பகுதி. அங்கெல்லாம் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள், நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், செலவுக்குப் பணம் வைத்திருக்கிறார்கள். அதனால் நடக்கிறது.

ஒழுக்கத்தை வீடு சொல்லிக்கொடுக்கட்டும் என்கிறார்கள். வீடு என்ன சொல்லிக்கொடுக்கும்? நம் பிள்ளை, நம் உறவு, நம் தெரு என்று அன்பு செலுத்தச் சொல்லிக்கொடுக்கும். அது பெரிய செல்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த தெருவைப் பற்றி வீடு என்ன சொல்கிறது? எத்தனையோ வீடுகளில், அந்தப் பக்கம் போகாதே என்றுதான் சொல்கிறது. அந்தத் தெருவுக்கு ஒரு பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப்போக வீட்டுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். பல சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் கல்லூரி முகாமைவிட்டால் அந்த வயதில் வேறு எந்த இடம் இருக்கிறது?

திறன் பயிற்சிக்குப் பணம் போகட்டும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. திறன் பயிற்சியை நான் எதிர்க்கவே இல்லை. 2022-இல் வந்த ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தை வரவேற்றவன் நான். ஆனால் 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பொய் என்று தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டாரே, அங்கே எந்தத் திறன் குறைவாக இருந்தது? முதலீட்டாளர்களின் சேமிப்பும் ஊழியர்களின் நிம்மதியும் ஒரே நாளில் சரிந்தன. ஒரு மணி நேர அறவுரை அதைத் தடுத்திருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் வெகுளி அல்லன். அதனால்தான் அறவுரைக்குப் பணம் கேட்கவில்லை, களத்துக்குக் கேட்கிறேன். ஒரு தவறான கணக்கால் யாருடைய அடுப்பு அணையும் என்று கண்ணால் பார்த்தவன் கையெழுத்துப் போடும் முன் ஒரு கணமாவது தயங்குவான்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது இளைஞர்கள் பணம் வாங்கிக்கொண்டா வந்தார்கள் என்று எதிரணி நண்பர் கேட்டார். இல்லை. மனம் இரங்கி வந்தார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் இரக்கம் வெள்ளத்தோடு வந்து வெள்ளத்தோடு வடிந்துவிடும். ஒரே கிராமத்துக்கு ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய், நட்ட கன்று பிழைத்ததா, குழாயடி மறுபடி நாறுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும், பஸ் வேண்டும், கால அட்டவணையில் இடம் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியருக்கு ஒரு பாடத்தின் சுமையைக் குறையுங்கள். அந்த வகுப்புகளை எடுக்க இன்னோர் ஆசிரியரை நியமியுங்கள். முகாமில் மாணவருக்கு வயிறாரச் சோறு போடுங்கள். ஒரு கல்லூரிக்கு ஒரு கிராமம், குறைந்தது ஐந்து ஆண்டுகள் என்று விதி செய்யுங்கள். கொடுத்த பணம் வீணாகாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. கல்லூரி தன் கணக்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 அன்று அந்தக் கிராமத்தின் கிராம சபையில் நின்று வாசிக்கட்டும். சாக்கடை எடுத்தார்களா, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்களா என்பதைக் காலனித் தெருப் பெண்கள் எழுந்து சொல்லட்டும். அவர்கள் சரி என்றால் அடுத்த ஆண்டுக்கான பணத்தைக் கொடுங்கள். இல்லை என்றால் நிறுத்துங்கள். நன்றி, வணக்கம்.