கே.எல்.லருந்து காசி வரைக்கும்: டிக்கெட் மலிவுதான், காசு எந்த ஓட்டையில போவுது?

வணக்கம் மக்களே. பின்னால கேக்குற ஹார்ன் சத்தம் கே.எல்., அதாவது கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் ரோடு. ஜன்னல மூடினா வேர்த்துக் கொட்டும், கொஞ்சம் பொறுத்துக்குங்க. இன்னிக்கு ஒரே விஷயந்தான். இங்கருந்து இந்தியா போய், உள்ளுக்குள்ள நாலு ஊரு சுத்தி, வீடு வந்து சேர்ற வரைக்கும் பிளேன் செலவை எப்படிக் குறைக்கிறதுன்னு பாக்கப் போறோம். உதாரணத்துக்குக் காசியை எடுத்துக்கலாம். அம்மா அப்பாவைக் காசிக்குக் கூட்டிட்டுப் போறதுதான் நம்மாளுங்க ரொம்ப பேரோட கணக்கு.

முதல்ல ரூட்டு. வழக்கமா எல்லாரும் போடுறது கே.எல்.லருந்து சென்னை, சென்னையிலருந்து காசி, மறுபடி சென்னை, அப்புறம் கே.எல். மொத்தம் நாலு பிளேன். இதுல மூணாவது சுத்த வெட்டிச் செலவு. போன வாசல்லயே திரும்பி வரணும்னு எந்தச் சட்டமும் இல்லீங்க. கொல்கத்தாவுலருந்து நேரா கே.எல்.லுக்குப் பிளேன் இருக்கு. காசியில வேலை முடிஞ்சா ரயில்ல கயா, அங்க திதி கொடுத்துட்டு ராத்திரி ரயில் ஏறினா காலையில ஹவுரா, அதாவது கொல்கத்தா. கயா அந்தப் பாதையிலயேதான் இருக்கு. ஒரு பிளேனும் மிச்சம், ஒரு ராத்திரி ஓட்டல் காசும் மிச்சம்.

இது ஏன் ஒத்து வருதுன்னா, ஏர் ஏசியா மாதிரி மலிவு விமானங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாதான் விலை போடுது. போக வர சேத்து எடுத்தாலும் தள்ளுபடி கிடையாது. அதனால திருச்சியில இறங்கி கொல்கத்தாவுல ஏறினா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. மலேசியா ஏர்லைன்ஸ் மாதிரி பெரிய விமானத்துல அப்படி இல்ல. அங்க ஒரு வழி விலையே சில நாள் ரிட்டர்ன் விலையைத் தொட்டுடும். அதுல போறதா இருந்தா தனித்தனியா எடுக்காதீங்க, 'மல்டி சிட்டி'ன்னு இருக்குற பட்டனை அமுக்கிப் பாருங்க.

ஒண்ணு சொல்லிடறேன். ராமேஸ்வரத்து மணலைக் காசிக்குக் கொண்டு போய், கங்கைத் தண்ணியைத் திரும்ப ராமேஸ்வரத்துக்குக் கொண்டு வரணும்னு முறை பாக்குறவங்களுக்கு இந்த ரூட்டு ஆகாது. அவங்க தெற்கே திரும்பித்தான் ஆகணும், மதுரைக்கு டிக்கெட் பாருங்க.

தமிழ்நாட்டுக்குள்ள பிளேனே வேணாம். திருச்சி ஏர்போர்ட் டவுன்லருந்து அஞ்சாறு கிலோமீட்டர்தான், புது டெர்மினல் 2024 ஜூன்லருந்து ஓடுது. அங்கருந்து சென்னைக்கு வந்தே பாரத்துல நாலு மணி நேரம். பிளேன்ல போனா வானத்துல ஒரு மணி நேரம், ஆனா முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணுன்னு அதுவும் நாலுதான் ஆகும். ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும். ஆனா வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனிக் கோட்டா இருக்கு, ரயில் டிக்கெட் எடுக்குற ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்துல பாஸ்போர்ட் போட்டுப் பதிஞ்சா 365 நாள் முன்னாடியே எடுக்கலாம். எல்லா ரயில்லயும் இருக்காது, தேடிப் பாக்கணும்.

ஆக கணக்கு என்ன? கே.எல். திருச்சி ஒண்ணு, சென்னை காசி ஒண்ணு, கொல்கத்தா கே.எல். ஒண்ணு. மூணே பிளேன்.

இப்ப பெட்டிக்கு வருவோம். காசு ஓட்டை விழுறதே இங்கதான். கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குறேன்... தெரியுதா? இது சாதாரண தொங்கு தராசு, பெட்டிக் கைப்பிடியில மாட்டித் தூக்கினா போதும். இந்த 28 இன்ச் பெட்டி வெறும் பெட்டி, உள்ள ஒரு துணி இல்ல. எவ்வளவு காட்டுது? 4.3. இப்ப இந்தத் துணிப் பெட்டி, சக்கரம் ரெண்டுதான். 2.4. ரெண்டு கிலோ வித்தியாசம், அதாவது ரெண்டு புடவை, ஒரு வேட்டி, ஒரு ஜோடி செருப்பு.

இது ஏன் முக்கியம்? இங்கருந்து போகும்போது 25 கிலோ வாங்கிடுறோம், நிம்மதியாப் போறோம். ஆனா இந்தியாவுக்குள்ள சாதாரண டிக்கெட்ல பெட்டிக்கு 15 கிலோதான், கையில 7 கிலோ. இண்டிகோவுல அதோட 3 கிலோ வரைக்கும் ஒரு சின்னப் பை. சென்னையில காசி பிளேனுக்கு நிக்கும்போது உங்ககிட்ட 25 இருக்கும். மிச்சம் பத்து கிலோவுக்குக் கவுண்டர்ல கிலோ கணக்குல தீட்டுவாங்க, அதுல இன்னொரு டிக்கெட்டே வாங்கிடலாம். அதனால தலைகீழா யோசிங்க. இருக்குறதுலயே சின்ன அளவு எதுவோ அதுதான் உங்க மொத்தப் பயணத்துக்கும் அளவு. 15ன்னா, கே.எல்.ல கிளம்பும்போதே 15க்குள்ள கட்டுங்க. துணி எடுக்கணும், பாத்திரம் வாங்கணும்னா கடைசி ஊருல வாங்குங்க, கொல்கத்தா கே.எல். டிக்கெட்டுக்கு மட்டும் கிலோவைக் கூட்டுங்க. போறதுக்கு 15, வர்றதுக்கு 30. ரெண்டு பக்கமும் ஒரே கிலோ வாங்கணும்னு யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, காசு கட்டினாலும் ஏத்த மாட்டாங்க.

கிலோவை எப்ப வாங்குறது? டிக்கெட் எடுக்கும்போதே வாங்குங்க. அப்புறம் வாங்கினா கூட, ஏர்போர்ட்ல வாங்கினா அதுக்கும் கூட. இன்னொரு கண்ணி இருக்கு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல 'லைட்'னு ஒரு விலை போடுவாங்க, பாக்கவே அழகா இருக்கும். அதுல பெட்டிக்குக் கிலோவே கிடையாது, கைப்பை மட்டுந்தான். விலையை ஒப்பிடும்போது பெட்டியையும் சேத்து ஒப்பிடுங்க.

பூஜைச் சாமான் எடுத்துட்டுப் போறவங்க நல்லாக் கேட்டுக்குங்க. கற்பூரம் எந்தப் பெட்டியிலயும் போகாது, சீக்கிரம் தீப்பிடிக்குற பொருள். கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான், எண்ணெய் ஜாஸ்தி. தீப்பெட்டி, லைட்டர் வேணவே வேணாம். எல்லாம் காசிப் படித்துறையிலயே கிடைக்கும் லா, இங்கருந்து சுமக்குறதுல புண்ணியம் ஒண்ணும் கூடாது. பவர் பேங்க் நேர் எதிர், பெட்டியில போடக் கூடாது, கையிலதான் வரணும். கங்கைத் தண்ணி செம்பு மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில கட்டிப் பெட்டிக்குள்ள போட்டுடுங்க.

அடுத்தது பேரு. இது நம்ம மலேசியத் தமிழர்களுக்கே உள்ள தலைவலி. பாஸ்போர்ட்ல நம்ம பேரு, நடுவுல ஏ/எல் (மகன்) இல்லன்னா ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பேரு. டிக்கெட் போடுற பக்கத்துல முதல் பேரு, குடும்பப் பேருன்னு ரெண்டு கட்டம் கேக்கும், சாய்கோடு ஏறவே ஏறாது. உங்க பேரை முதல் கட்டத்துல, அப்பா பேரை ரெண்டாவதுல போடுங்க. ஏஎல்னு ஒட்டிப் போடுறீங்களோ விடுறீங்களோ, மூணு டிக்கெட்லயும் ஒரே மாதிரி இருக்கணும். எழுத்து மட்டும் பாஸ்போர்ட்டைப் பாத்துத்தான் அடிக்கணும், ஞாபகத்துல அடிக்கக் கூடாது. இந்தியாவுல ஏர்போர்ட் வாசல்லயே துப்பாக்கி வெச்ச காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாரு. அங்க முகத்தைக் காட்டி உள்ள போற டிஜி யாத்ரான்னு ஒரு வரிசை வேகமா நகரும், அது ஆதார் வெச்சிருக்கவங்களுக்கு. நமக்கு இல்ல, பக்கத்து வரிசையில நில்லுங்க.

விசா. பிளேன் டிக்கெட்டை எப்ப எடுக்குறதுங்கிறதோட இது ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனாலதான் சொல்றேன். 30 நாள் இ-விசாவுக்கு, போய் இறங்குற நாளுக்கு முன்னாடி 30 நாளுக்குள்ளதான் விண்ணப்பிக்க முடியும். ஒரு வருஷ விசா, அஞ்சு வருஷ விசான்னா 120 நாள் முன்னாடியே போடலாம். மலிவு டிக்கெட் நாலு மாசம் முன்னாடி எடுக்குறவங்க, விசா கையில இல்லாமயே காசு கட்டுறீங்கன்னு புரிஞ்சுக்குங்க. மனசு அடிச்சுக்கும்னா ஒரு வருஷ விசாவை எடுத்துடுங்க. பாஸ்போர்ட்ல ஆறு மாசம் மிச்சம் இருக்கணும். அரசாங்கப் பக்கத்தோட முகவரி 'ஜிஓவி டாட் இன்'னு முடியும், வேற எப்படி முடிஞ்சாலும் அது ஏஜெண்ட் பக்கம், கூலி சேத்து வாங்குவாங்க. 2025 அக்டோபர் 1லருந்து இ-அரைவல் கார்டும் இருக்கு, இறங்குறதுக்கு 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், காசு இல்ல.

நேரம். இந்தியா நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. கே.எல்.ல ராத்திரி 9 மணிக்கு ஏறினா, நாலு மணி நேரம் பறந்து, அங்க 10.30க்கு இறங்குவீங்க. இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு வெளிய வந்தா, சென்னைன்னா மெட்ரோ மூடுற நேரம். 50 ரூபாய்க்குள்ள முடிய வேண்டியது டாக்சியில போகும். அப்புறம், அங்கருந்து இங்க வர்ற பிளேன் நிறைய நடுராத்திரிக்குக் கிளம்புறது. டிக்கெட்ல 15ஆம் தேதி 00.25ன்னு போட்டிருந்தா, நீங்க ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டியது 14ஆம் தேதி ராத்திரி. 15 ராத்திரி போய் நின்னு பிளேன் நேத்தே போச்சுன்னு தெரிஞ்சுக்குறவங்க இருக்காங்க, சிரிக்காதீங்க.

சென்னையில இறங்கி அன்னிக்கே காசி பிளேன் பிடிக்கிற ஆளுங்களுக்கு: ரெண்டும் தனித்தனி டிக்கெட்னா முதல் பிளேன் லேட்டானதுக்கு ரெண்டாவது கம்பெனி பொறுப்பு இல்ல. டிக்கெட் போச்சு, அவ்வளவுதான். பெட்டியும் தானாப் போகாது. இமிகிரேஷன் முடிச்சு, பெட்டி எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, வெளிய வந்து, உள்நாட்டு டெர்மினலுக்கு நடந்து, மறுபடி வரிசை. சென்னையில உள்நாட்டுக்கு டி1, டி4ன்னு ரெண்டு இருக்கு, டிக்கெட்ல எதுன்னு பாத்துட்டு நடங்க. கவுண்டரை 60 நிமிஷம் முன்னாடியே மூடிடுவாங்க. அஞ்சு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. என்னைக் கேட்டா ஒரு ராத்திரி தங்குறதே மேல்.

டிசம்பர் ஜனவரியில வட இந்தியாவுல மூடுபனி. காசி, டெல்லி, லக்னோ பக்கம் காலைப் பிளேனெல்லாம் மதியம் வரைக்கும் நிக்கும். அந்த மாசத்துல போறவங்க மதியத்துக்கு மேல கிளம்புற பிளேனா எடுங்க. 2025 டிசம்பர் தொடக்கத்துல, விமானிங்க வேலை நேர விதி மாறினப்ப உள்நாட்டுப் பிளேன் ஆயிரக்கணக்குல ரத்தாச்சு. அதனால கே.எல். திரும்புற பிளேனுக்கு முந்தின நாளே அந்த ஊருக்கு வந்து சேந்துடுங்க.

காசு கட்டுறது. பேங்க் கார்டு எடுத்துக் கட்டினா 'பரிவர்த்தனை மறுக்கப்பட்டது'ன்னு வரும். நம்ம டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவா மூடியே இருக்கும், பேங்க் ஆப்ல போய்த் திறக்கணும். இந்திய விமானப் பக்கத்துல ரிங்கிட்ல காட்டவா, ரூபாய்ல காட்டவான்னு கேட்டா ரூபாயைத் தொடுங்க. வெள்ளியில, அதாவது ரிங்கிட்ல, காட்டுற விலையில அவங்க மாத்து விகிதம் ஒளிஞ்சிருக்கும். தேடுறதுக்குக் கூகுள் பிளைட்ஸ் நல்லது, தேதி வாரியா விலை காட்டும். வாங்குறது மட்டும் விமானக் கம்பெனி பக்கத்துலயே. நடுவுல ஏஜெண்ட் பக்கத்துல 12 வெள்ளி குறைச்சு வாங்கினா, பிளேன் ரத்தாகும்போது ரீஃபண்டுக்கு அவங்க பின்னாடி அலையணும்.

இங்கருந்து கிளம்புற பிளேன் அஞ்சு மணி நேரத்துக்கு மேல லேட்டானா, போக வேணாம்னா கட்டின காசைத் திரும்பக் கேக்கலாம், 2024 செப்டம்பர் 2லருந்து மலேசியாவுல விதி. பிளேனை நீங்களே தவற விட்டாலும் வரியைக் கேட்டு வாங்கலாம். ஆசியானுக்கு (தென்கிழக்காசிய நாடுகளுக்கு) வெளிய போறதுக்குச் சாதாரண எகானமி டிக்கெட்ல புறப்பாட்டு வரி மட்டுமே 20 வெள்ளி, நாலு பேர் குடும்பம்னா 80. யாரும் கேக்குறதில்ல, அதனால யாரும் கொடுக்குறதும் இல்ல.

சீசன் பத்திச் சுருக்கமா. தீபாவளி, பொங்கலுக்கு முன்னாடி இங்கருந்து போற டிக்கெட் ஏறும், வேலைக்கு வந்தவங்க ஊருக்குப் போவாங்க. முடிஞ்சதும் அங்கருந்து வர்றது ஏறும். நீங்க எதிர்த் திசையில போனா அதே வாரத்துல மலிவு. பினாங்குக்காரங்க கே.எல். வரைக்கும் வர்ற செலவையும் கூட்டிப் பாருங்க, சென்னை பினாங்கு நேரடி இண்டிகோ 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சது.

கடைசியா ஏர்போர்ட் போறது. கே.எல். சென்ட்ரல்லருந்து கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் டெர்மினல் 2க்கு 33 நிமிஷம், ஆளுக்கு 55 வெள்ளி. தனியாப் போறவங்க பஸ் எடுங்க, ஒரு மணி நேரம் ஆகும், விலை அதுல கால்வாசி மாதிரிதான். மூணு பேர்னா எக்ஸ்பிரஸ் 165 ஆச்சு, ஆப்ல கூப்பிடுற கிராப் காடி (கார்) அதைவிட மலிவா வந்துடும். காடியை அங்கயே நிறுத்திட்டுப் போறவங்க ஒண்ணு பாருங்க. ஏர் ஏசியா டெர்மினல் 2. பாத்திக், மலேசியா ஏர்லைன்ஸ், இண்டிகோ எல்லாம் டெர்மினல் 1. ஒண்ணுல ஏறி இன்னொண்ணுல இறங்கினா காடி அந்தப் பக்கம் நிக்கும். நடுவுல ரயில் 3 நிமிஷம், 2 வெள்ளி, பெட்டியோட ஏறிக்கலாம்.