சிவப்புப் பேனா பிள்ளையின் கைக்கு வரட்டும்

(கோத்தகிரியில் ஆங்கில ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையிலும் கூடலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

பல வருஷம் 40 கட்டுரை நோட்டுகளை வீட்டுக்குத் தூக்கிப்போய் ராத்திரி 11 மணி வரை திருத்தியிருக்கிறேன். மறுநாள் கொடுத்தால் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அடுத்த கட்டுரையிலும் அதே ‘ஹி கோ’, அதே ‘யெஸ்டர்டே ஐ ஆம் கோயிங்’. தப்பைத் தேடும் பயிற்சி முழுக்க எனக்குத்தான் கிடைத்தது, பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

நம் பிள்ளைகள் பலருடைய அம்மாக்கள் கொழுந்து பறிக்கிறவர்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கண் பார்த்ததும் விரல் கிள்ளிவிடும். முற்றின இலை கையோடு வந்துவிட்டால் அங்கேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். எடை போடுகிற இடத்தில் யாராவது சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. எழுதும்போது பிள்ளைக்கும் அந்தக் கண் வர வேண்டும்.

இதைத்தான் தன்னொழுங்குக் கற்றல் என்கிறார்கள். எழுதுமுன் திட்டமிடுவது, எழுதும்போது தன்னைக் கவனிப்பது, எழுதியபின் தானே மதிப்பிடுவது என்று மூன்று கட்டமாக விளக்கினார் கல்வி உளவியலாளர் பேரி சிம்மர்மன். கல்வி ஆய்வாளர்கள் கேரன் ஹாரிஸும் ஸ்டீவ் கிரஹாமும் 1980களிலிருந்து அதை எழுத்து வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக்காட்டுவார். அப்புறம் சேர்ந்து எழுதுவார்கள். கடைசியில் பிள்ளை தனியே எழுதும். 2007-ல் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எழுதும் உத்திகளைக் கற்றுக்கொடுப்பதன் விளைவு அளவு, அதாவது பிள்ளைகளின் எழுத்து எவ்வளவு மேம்பட்டது என்று காட்டும் எண், 0.82. அது பெரிய முன்னேற்றம். இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்தியதன் விளைவு பூஜ்யத்துக்கும் கீழே! பயிற்சி நோட்டில் காலியிடம் நிரப்ப வைத்தே வருஷத்தை ஓட்டுகிற நமக்கு இது பெரிய சேதி.

ஆனால் அதை அப்படியே நம் மலைக்குப் பொருத்த முடியாது. வீட்டில் படுக மொழி, பள்ளியில் தமிழ், அதற்கப்புறம்தான் ஆங்கிலம் என்றிருக்கும் பிள்ளையிடம் ஆங்கிலத்திலேயே திட்டமிடு என்றால் யோசனையே நின்றுவிடும். வாய்க்கு வருகிற மொழியில் குறிப்பெடுக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உறைபனியைப் பற்றி எழுதினாள். ‘கருகின இலை, அப்பா, விடியக்காலை, தண்ணீர்’ என்று தமிழில் நாலு சொல்தான் குறித்துக்கொண்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதிய இரண்டு கேள்விகள் இருந்தன: ‘நடந்து முடிந்ததா? வினையை மாற்றினேனா?’, ‘ஹி, ஷி வந்தால் எஸ் போட்டேனா?’ எழுதி முடித்து, வரிக்கு அடியில் விரல் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தாள். ‘மை ஃபாதர் ஸ்பிரிங்கிள் வாட்டர்’ என்ற இடத்தில் விரல் நின்றது. அழித்தாள். ‘ஸ்பிரிங்கிள்ட்’ என்று எழுதினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘த’ இரண்டிலும் அவள் இன்னும் தடுமாறுகிறாள். தமிழில் இல்லாத சங்கதி, மெதுவாகத்தான் வரும். எல்லாத் தப்பையும் ஒரே நாளில் துரத்தினால் பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும். ஒரு கட்டுரைக்கு ஒரு வகைத் தப்பைக் குறிவைத்தால் போதும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். நான் வாரம் ஒரு கட்டுரை என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கினேன். முதல் வாரம் எழுதுவது, அடுத்த வாரம் அதையே திருத்தி எழுதுவது. இப்போது நான் முதலில் திருப்புவது நோட்டின் கடைசிப் பக்கத்தைத்தான். அந்தப் பெண் ஜூலையில் எழுதிய முதல் கேள்வியை அக்டோபரில் அடித்துவிட்டு, கீழே புதிதாக ஒன்று எழுதியிருந்தாள்: ‘இந்த வரி இல்லாவிட்டால் கதை புரியுமா?’