கிரீன்லாந்து மொழியில் ‘தன் வீடு’

[திரையில்: பாறைக் கரையில் சிவப்பு, மஞ்சள் மர வீடுகள்]

கிரீன்லாந்து மொழியில் வீட்டுக்குப் பெயர் இல்லு. நம் இல்லம் மாதிரியே இருக்கிறது, இல்லையா? உறவெல்லாம் கிடையாது, தற்செயல்தான். உச்சரிப்பும் வேறு. நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊதுங்கள். அதுதான் அவர்களுடைய ‘ல்ல்’.

சரி, நாட்டின் பெயரிலிருந்தே தொடங்குவோம். அங்கே நாட்டின் பெயர் கலாலித் நுனாத். நுனா என்றால் நிலம், நுனாத் என்றால் அவர்களுடைய நிலம். அதாவது, ‘கலாலித் மக்களின் அவர்கள்-நிலம்’.

[திரையில்: அர்னப் இல்லுஅ]

‘பெண்ணின் வீடு’ என்கிறோம். உருபு பெண்ணோடு ஒட்டுகிறது, வீடு அப்படியே நிற்கிறது. அங்கே இரண்டும் மாறும். அர்னக் என்றால் பெண். அர்னப் என்றால் பெண்ணின். இல்லுஅ என்றால் அவளுடைய வீடு. அவனுடைய வீட்டுக்கும் அதே இல்லுஅதான், ஆண் பெண் பேதம் இல்லை. இன்னொன்று, ‘பெண் மீனைப் பிடித்தாள்’ என்றாலும் பெண் அர்னப் ஆகிவிடுவாள். இப்படிச் செயப்படுபொருளோடு வரும் எழுவாய்க்கும் உடையவருக்கும் ஒரே ‘ப்’! முதலில் தலை சுற்றும்.

என் வீடு இல்லொரா, உன் வீடு இல்லுத். இவை மனப்பாட வேலை, அவ்வளவுதான்.

இனி நமக்குச் சாதகமான இடம். ‘குமார் அவன் வீட்டைப் பார்த்தான்.’ யார் வீடு? குமாருடையதா, பக்கத்து வீட்டுக்காரனுடையதா? ‘தன் வீட்டை’ என்றால் குழப்பம் தீர்ந்தது. அந்தத் ‘தன்’ கிரீன்லாந்து மொழியில் வீட்டின் வாலிலேயே இருக்கிறது. இல்லுனி என்றால் தன் வீடு. நமக்கு மூவிடம்தான், அவர்கள் இலக்கணத்தில் இதை நாலாவது இடம் என்றே எண்ணுகிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இங்கே திணறுவார்கள். நாம் திணற வேண்டியதில்லை.

[திரையில்: நூக் – நூம்மி, நூம்முத், நூம்மித்]

வேற்றுமை அவர்களுக்கும் எட்டுதான். ஆனால் அதே எட்டு இல்லை. ‘வீட்டை’ என்பதற்குத் தனி உருபு கிடையாது. பதிலுக்கு ‘வழியாக’, ‘போல’ இரண்டுக்கும் உருபு உண்டு. தலைநகர் நூக்கில் என்றால் நூம்மி, நூக்குக்கு என்றால் நூம்முத், நூக்கிலிருந்து என்றால் நூம்மித். அப்புறம் இலுலிஸ்ஸத் என்றொரு ஊர். பனிப்பாறைகள் என்று பொருள். பெயரே பன்மை என்பதால் அந்த ஊரில் என்பதற்கு ‘மி’ வராது, பன்மை உருபான ‘னி’ வந்து இலுலிஸ்ஸனி ஆகும்.

அப்படியானால் ‘வீடுகளில்’ எப்படி வரும்? இல்லுனி! மேலே பார்த்த ‘தன் வீடு’ம் இல்லுனிதான். எது என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘என் வீட்டில்’ என்றால் இல்லுன்னி, ஒரே ஒரு ‘ன்’ கூடுதல். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நாட்டின் பெயருக்குத் திரும்பலாம். ‘கிரீன்லாந்தில்’ எப்படிச் சொல்வது? நுனாத்தோடு ‘னி’ சேரும்போது ‘த்’ ‘ன்’ ஆகிவிடும். கலாலித் நுனான்னி.