கரட்டு முளையானும் வேலியோர முளையானும்

வணக்கம் நேயர்களே. ஆடு மேய்ச்ச அனுபவம் இருக்கிறவங்களுக்கு பேரச் சொன்னாலே போதும், கள்ளிமுளையான். வெயில்ல நாக்கு வறண்டா ஒடிச்சு மென்னிருப்பீங்க, மொதல்ல கசக்கும், அப்புறம் பசி அடங்கிடும். பாக்காதவங்களுக்காக சொல்றேன், விரல் தடிமன்ல நாலு பட்டையா ஒரு தண்டு, இலைன்னு பேர் சொல்ற அளவுக்கு ஒண்ணும் இருக்காது. பேர்ல கள்ளி இருந்தாலும் இது எருக்கு குடும்பம். ஒடிச்சா தண்ணியாத்தான் கசியும். பால் வந்தா அது வேற செடி, வாயில வைக்காதீங்க. திரும்பவும் சொல்றேன், பால் வந்தா தொடவே வேணாம்.

எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர் "கரட்டு முளையான் வேற, வேலியோர முளையான் வேற தம்பி"ம்பார். பாத்தாலும் அப்படித்தான் இருக்கும். கரட்டுப் பாறையில கட்டையா செம்மண் சாம்பல் நிறத்துல நிக்கும், வேலி நெழல்ல பச்சையா ஒல்லியா புல்லுக்கு மேல எட்டிப் பாக்கும். நான் ரெண்டுலயும் ஒவ்வொரு தண்டு ஒடிச்சு, வெட்டு காய நாலு நாள் வச்சிட்டு, மொட்டமாடியில ஒரே வெயில்ல பக்கத்து பக்கத்துல நட்டேன். மழைக்கப்புறம் வந்த துளிரு ரெண்டும் ஒரே மாதிரி கட்டையாத்தான் வந்துச்சு! அப்போ நெழல்தான் காரணம்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா பூத்தப்ப பாத்தா ஒண்ணோட இதழ் ஓரத்துல கத்தரிப்பூ நிறத்துல மெல்லிசு முடி, நான் மூச்சு விட்டதுக்கே நடுங்குது, ஈ வந்து சுத்துது. இன்னொண்ணுல முடியே இல்ல. தாத்தா சொன்னதும் சரிதாங்க. அதனால தண்ட மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, பூவ பாருங்க.

சோழமண்டலக் கரைச் செடிகளப் பத்தி எழுதின தாவர ஆராய்ச்சியாளர் ராக்ஸ்பர்க் 1795லயே இதுக்கு அறிவியல் பேர் வச்சிட்டார். முடி வச்சதை அப்புறம் தனி இனம்னாங்க. 1931ல சென்னை மியூசியத்துல கிரேவ்லியும் மயூரநாதனும் இதையெல்லாம் வரிசையா வச்சுப் பாத்து, ஒரே இனத்தோட வகைகள்தான்னு எழுதினாங்க. தண்டைப் பாத்து பிரிக்கக்கூடாது, பூவப் பாக்கணும், இதத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

கொம்பு மாதிரி ஜோடியா வர்ற காய், பஞ்சு கட்டிப் பறக்குற விதை, இதெல்லாம் சொல்ல நினைச்சேன், நேரம் முடியுதுன்னு கை காட்டுறாங்க. ஒடம்பு எளைக்கிற மாத்திரைக்குன்னும் இத எடுக்கிறாங்க. துவையலுக்கு எடுத்தாலும் நுனிய மட்டும் ஒடிங்க, தூரோட பிடுங்காதீங்க. வணக்கம்.