பெயர் தெரியாத நோயும் நாற்பது பக்க நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பண்ருட்டியிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் விடியற்காலையில் பஸ் ஏறிக் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும் பெற்றோர் கையில் ஒரு துணிப்பை இருக்கும். ஸ்கேன், ரத்த ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் முன்பின்னாகக் கலந்து கிடக்கும். அரிய நோயைத் தேடும் டாக்டருக்கு அந்தப் பையைவிட அதிகம் உதவுவது ஒரு நாற்பது பக்க நோட்டு.

அதில் தேதிகளை எழுதுங்கள். தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, முதல் சொல் பேசியது. இவற்றைவிட முக்கியம், வந்தது எதுவும் திரும்பப் போனதா என்பது. ஒரு வயதில் நடந்த பிள்ளை இரண்டு வயதில் சுவரைப் பிடித்து நிற்கிறது என்றால் தேடும் திசையே மாறும். வெட்டு (வலிப்பு) வந்தால் செல்போனில் முகமும் கைகாலும் தெரிய வீடியோ எடுங்கள்.

அடுத்து, மூன்று தலைமுறை. சொந்தத்தில் கல்யாணமா, கலைந்த கர்ப்பம் உண்டா, சிசுவாக இறந்த பிள்ளை உண்டா? பெரியவர்கள் இதைத்தான் மறைக்கிறார்கள். துப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பல அரிய நோய்களில் தாய், தகப்பன் இருவரும் ஆளுக்கொரு பழுதான மரபணுவை நோயில்லாமலே சுமக்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 4ல் 1 வாய்ப்பு. கிரகணத்தில் வெளியே போனாள் என்று மருமகளைக் குறை சொல்லாதீர்கள். அது பொய், கொடுமையும்கூட.

வாசனையும் ஒரு குறிப்பு. பிறந்த சில நாளிலேயே பால் குடிக்காமல் சோர்ந்துபோகும் குழந்தையின் மூத்திரத் துணியில் பாகு காய்ச்சிய வாசம் வந்தால், மேப்பிள் சிரப் நோயாக (புரதத்தின் சில பகுதிகளை உடம்பு உடைக்க முடியாத பிறவிக் கோளாறு) இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆனால் வெந்தயத்திலும் இதே வாசப் பொருள்தான் இருக்கிறது. தாய் வெந்தயக் களி சாப்பிட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் எடுப்பதில்தான் நிறையப் பிசகு. அமோனியா (உடம்பில் உண்டாகும் ஒரு நச்சுக் கழிவு) பார்க்கும் ரத்தத்தை எடுத்ததும் ஐஸில் வைத்து 15 நிமிடத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். கையை ரப்பரால் இறுக்கிக் கட்டி எடுத்தாலோ, டியூப் மேசையில் கிடந்தாலோ, இல்லாத அமோனியா கூடிக் காட்டும். அதனால் லேப் உள்ள ஆஸ்பத்திரியிலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஊரில் எடுத்துச் சுமந்து வர வேண்டாம். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள். ஏற்றிய ரத்தம் சில என்சைம் சோதனைகளை மாதக்கணக்கில் ஏமாற்றும்.

எக்ஸோம் சோதனைக்கு (மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் சோதனை) ஊதா மூடி டியூபில் குழந்தையோடு தாய், தகப்பன் ரத்தமும் கொடுப்பது நல்லது. குழந்தையிடம் காணும் மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததா, புதிதா என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும். எக்ஸோம் எல்லாவற்றையும் காட்டாது. கைகால் தொய்ந்த குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. என்ற தசை பலவீன மரபு நோய்க்கான தனிச் சோதனையை முதலில் கேளுங்கள். ‘பொருள் நிச்சயமில்லாத மாற்றம்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அது நோய் முடிவு அல்ல. எதுவும் கிடைக்காவிட்டால் எக்ஸோம் சோதனையின் மூலத் தரவை (லேப் கணினியில் பதிவான முழு விவரம்) வாங்கி வையுங்கள். ஓரிரு வருடம் கழித்து அதையே மறுபடி அலசலாம்.

செலவுக்கு, 2021ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையில் சேர்ந்த நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஒன்று.

சொல்லக் கஷ்டமான ஒன்று: நோயின் பெயர் தெரியுமுன்பே பிள்ளை கைவிட்டுப் போகும் நிலை வந்தாலும், 2 மில்லி ரத்தம் எடுத்து டிஎன்ஏ சேமித்து வைக்கச் சொல்லுங்கள். எந்த மரபணு என்று தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவில் சோதிக்க முடியும்.